தானல்லாத ஒருத்தி

மைக்கக்கா என்றால் அந்தப் பேருந்து நிலையத்தில் தெரியாதவர் கிடையாது. முகம் தெரியாது, குரல் தெரியும். மாடியில் ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எது ரத்து, யார் பெற்ற பிள்ளை அழுதுகொண்டே விசாரணை அறையில் உட்கார்ந்திருக்கிறது என்று இரண்டு மொழியில் சொல்கிறவள் அவள். ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வைத்த பெயர் அது. நாளாக ஆக அவளைக் கட்டியவரே, "என்ன மைக்கக்கா, ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவருக்கு மட்டும் என்ன, சொந்தப் பெயரா நிலைத்தது? தெருவுக்கே அவர் ஜெராக்ஸ்காரர். முனைக்கடையில் இரண்டு நகல் இயந்திரம், ஒரு கணினி, ஒரு லேமினேஷன் பெட்டி. நகல் எடுப்பது பேருக்குத்தான். பிழைப்பே மற்றவர்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது. "என் கையால போன அப்ளிகேஷன் ஒண்ணுகூடத் திரும்பி வந்தது கிடையாது" என்று நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தட்டில் கையை வைத்துக்கொண்டே கைபேசியைப் பார்த்து அவர் படிக்க ஆரம்பித்தார். மகளுக்காகத்தான். அந்த வருஷம்தான் அவள் ஆங்கில இலக்கியத்தில் பட்டம் முடித்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் எழுத்தும் என்று ஒரு முதுகலைப் படிப்பு. அதில் சேர என்னென்ன தகுதி வேண்டும் என்று கடையில் படிக்கிற அதே ராகத்தில் படித்துக்கொண்டே போனார்.

"ஏதாவது ஒரு துறையில் பட்டம்..."

மைக்கக்காவின் கை அப்படியே நின்றது. "என்ன சொன்னீங்க? மறுபடி படிங்க."

"ஏதாவது ஒரு துறையில் பட்டம்."

"இங்கிலீஷ்ல பட்டம் வேணும்னு போடலியா?"

"இல்லியே. செடி கொடி படிச்சவங்ககூடப் போடலாம் போல" என்று சிரித்தவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவர் வீட்டிலேயே செடி கொடி படித்தவள் ஒருத்தி எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

அது பழைய வலி. இருபத்திரண்டு வயதில் இதே பல்கலைக்கழகத்தின் ஜன்னலில் இதே படிப்புக்கு அவள் விண்ணப்பம் நீட்டினாள். அந்தக் காலத்து விதி, ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவர்கள் மட்டும்தான். அவளுடையது தாவரவியல். உள்ளே இருந்தவர் தாளைத் திருப்பித் தள்ளிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார். அவ்வளவுதான், ஒரு வார்த்தை கிடையாது. அவளும் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நாளில் பேருந்து நிலையத்தில் வேலை கிடைத்தது, போய் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் ஆசை என்கிற கழுதை அவ்வளவு சுலபத்தில் சாகுமா? வண்டிகளில் பயணிகள் மறந்துவிட்டுப் போகிற புத்தகங்கள் யாரும் கேட்டு வராவிட்டால் அவளுடைய கண்ணாடி அறைக்கு வந்துவிடும். துப்பறியும் கதை, பிரசவக் குறிப்பு, பாதி கிழிந்த நாவல், எதுவானாலும் விடமாட்டாள். இரண்டு அறிவிப்புக்கு நடுவில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு.

"வயசு வரம்பு எதாவது போட்டிருக்கா?" என்றாள்.

ஜெராக்ஸ்காரர் மேலும் கீழும் தேய்த்துப் பார்த்தார். "காணோமே."

"அப்ப எனக்கும் ஒண்ணு போடுங்க."

மகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். புரை ஏறிவிட்டது. "அம்மா! நிஜமாவா சொல்ற?"

"என்னிக்காவது நான் வராத வண்டிய வருதுன்னு சொல்லியிருக்கேனா?"

மகள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சந்தோஷம்தான், அதில் கள்ளமில்லை. ஆனால் ஜெராக்ஸ்காரர் தொழில் புத்தி விடாமல் அடுத்த வரியையும் படித்துத் தொலைத்தார். "மொத்தம் பன்னிரண்டு இடம்." கழுத்தில் இருந்த கை ஒரு கணம் தளர்ந்து மறுபடி இறுகியதை மைக்கக்கா கவனித்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா? அன்றிலிருந்தே அவள் மனதுக்குள் ஒரு முள். நமக்குக் கிடைத்து இவளுக்குக் கிடைக்காமல் போனால் என்ன செய்வது?

தகுதிகளிலேயே பெரியது எழுத்து மாதிரி. பத்துப் பக்கம், புனைகதை, தமிழிலும் எழுதலாம். எழுதுகிறவர் சொந்தக் கதையைச் சொல்லக் கூடாது. வயதிலோ வேலையிலோ தனக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒருவரின் வாயால் சொல்ல வேண்டும், தானல்லாத ஒருவருக்குள் புகுந்து பார்க்கத் தெரிகிறதா என்பதுதான் சோதனை. பக்கங்களில் எங்கேயும் எழுதியவர் பெயர் இருக்கக் கூடாது. பெயர் தெரியாமல் படித்துத் தேர்வு செய்துவிட்டு, அப்புறம்தான் யாருடையது என்று பார்ப்பார்களாம்.

"நீ எழுதுறத நான் பாக்க மாட்டேன், நான் எழுதுறத நீ பாக்கக் கூடாது" என்றாள் மகள்.

"நானா எட்டிப் பாக்குறவ? நீதான் கொஞ்ச வயசுல எல்லாப் பரிசுப் பொட்டலத்தையும் ஓட்டை போட்டுப் பாப்ப."

"அம்மா!"

"சரி சரி. பாக்கல."

வீட்டில் கணினி ஒன்றுதான். ஒருத்தி தட்டச்சு செய்யும்போது இன்னொருத்தி சமையலறைக்கு நாடு கடத்தப்படுவாள். மைக்கக்கா பழைய நேர அட்டவணைத் தாள்களின் பின்பக்கத்தில், வேலைக்கு நடுவில் எழுதிவந்து வீட்டில் தட்டுவாள். அதனால் ஒருநாள் மானம் போயிற்று. கதையின் முதல் வரியை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே பொத்தானை அழுத்திவிட்டாள். நிலையம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது: "பயணிகள் கவனத்துக்கு. எனக்கு இருபத்தொரு வயது." கீழே நின்ற ஓட்டுநர்கள் விசிலடித்த விசிலில் புறாக்கள் பறந்தன. அன்றைக்கு முழுக்க படியேறி வந்த ஒருத்தனும் சும்மா போகவில்லை. "மைக்கக்கா, உங்களுக்கு இருபத்தொண்ணுதானாமே? மாப்பிள்ளை பாக்கலாமா?" என்று வறுத்தெடுத்தார்கள். அவளும் அசராமல், "பாருங்க, வீட்ல இருக்கிறவரு கொஞ்சம் பழசாயிட்டாரு" என்றாள்.

கடைசித் தேதி வந்தது. இரண்டு பேரும் ஒரே பென்டிரைவில் தங்கள் பத்துப் பக்கத்தையும் போட்டு ஜெராக்ஸ்காரரிடம் ஒப்படைத்தார்கள். "படிக்கக் கூடாது" என்று மகள் விரலை ஆட்டி மிரட்டினாள்.

"என்னையப் பாத்து இந்த வார்த்தையச் சொல்றியா? இத்தன வருஷத்துல கடைக்கு வந்த ஒருத்தர் காகிதத்தையாவது நான் படிச்சிருக்கேனா? தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கு" என்று கோபித்துக்கொண்டு போனவர், கடையில் வைத்து இரண்டையும் ஏற்றிவிட்டு வந்து, "போயாச்சு, போயாச்சு. இனி திரும்பி வராது" என்று கையைத் தட்டிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, ஒரே நாளில் இரண்டு பேருக்கும் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. வீடு இரண்டுபட்டது. ஜெராக்ஸ்காரர் இரண்டு அழைப்பையும் நகல் எடுத்து, லேமினேஷன் செய்து, கடைக் கண்ணாடியில் ஒட்டினார். வந்தவர் போனவர் எல்லாரிடமும், "அம்மாவும் பொண்ணும். ஒரே வீட்ல. பாத்தீங்களா கைராசிய?" என்று ஆரம்பித்துவிடுவார். கைராசி யாருடையது என்று கேட்காதீர்கள், அவருடையதுதான்.

நேர்முகத்தன்று மூன்று பேரும் ஆங்கிலத் துறையின் நீண்ட வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெராக்ஸ்காரரின் மடியில் ஒரு பை. அதில் எல்லாச் சான்றிதழும் மும்மூன்று நகல். மைக்கக்கா சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள், பாதியிலேயே மறந்தது. தினமும் ஊருக்கே பேசுகிறவளுக்கு, அங்கே எதிரில் ஆளில்லாததால்தான் பேச வருகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

முதலில் மகளைக் கூப்பிட்டார்கள். துள்ளிக்கொண்டு போனவள், கால்மணி நேரத்தில் முகம் தொங்கிப்போய் வந்தாள்.

"என்னடீ ஆச்சு?"

"என்னோடது சொந்தக் கதையாம். எழுத்து ரொம்பப் பிடிச்சிருந்துச்சாம். ஆனா விதிப்படி இல்லியாம். இருபத்தொரு வயசுப் பொண்ணு இருபத்தொரு வயசுப் பொண்ணப் பத்தி எழுதினா அதுல என்ன இருக்குன்னு கேக்குறாங்க." மகளுக்குக் குரல் உடைந்தது. "எனக்கு ஒண்ணுமே புரியலம்மா, கேக்குறதுக்குள்ள போலாம்னுட்டாங்க. நான் யாரப் பத்தி எழுதினேன், இவங்க என்ன சொல்றாங்க!"

மைக்கக்கா வாயைத் திறப்பதற்குள் அவளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே இரண்டு பேர். நடுவில் துறைத் தலைவி, நரைத்த முடியைக் கத்தரித்துவிட்ட அம்மாள். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஓர் இளம் விரிவுரையாளர். ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தது. என்ன படிப்பீர்கள் என்று கேட்டதற்கு, "ஜனங்க பஸ்ல மறந்துட்டுப் போறதையெல்லாம்" என்று மைக்கக்கா தமிழிலேயே சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் பேச்சு தமிழிலேயே இறங்கிவிட்டது, யாரும் அதைத் தடுக்கவில்லை.

"உங்க பத்துப் பக்கத்த பேரு தெரியாம படிச்சப்ப எனக்கு ரொம்பப் பிடிச்சுதுங்க" என்றார் தலைவி. "அப்புறம் விண்ணப்பத்தப் பிரிச்சா, நீங்களே பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பாளர். வயசு நாப்பத்தாறு. கதையில பேசுறவளும் அறிவிப்பாளர், அவளுக்கும் நாப்பத்தாறு. உங்க வாழ்க்கையையே எழுதிட்டீங்க. எங்க விதி என்னன்னு தெரியும் இல்லையா?"

மைக்கக்கா திருதிருவென்று விழித்தாள். "அறிவிப்பாளரா? நான் அப்படி எழுதவே இல்லியேம்மா."

தலைவி பக்கங்களை அவள் பக்கம் நகர்த்தினார். மைக்கக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

'எனக்கு நாற்பத்தாறு வயது. ஊரிலுள்ள எல்லாரையும் வழியனுப்புவது என் வேலை. வீட்டிலும் அதே குரலில்தான் பேசுகிறேன். குளியலறையில் இருப்பவர் உடனே வெளியே வரவும் என்று நான் சொன்னால், என் மகள் சோப்பு நுரையோடு வருவாள். யாரோ மறந்துவிட்டுப் போன நாவல் என் மேசைக்குள் இருக்கிறது. கடைசிப் பக்கங்கள் இல்லை. முடிவை நானே உண்டாக்கி, மைக்கை அணைத்துவிட்டு, சத்தமாக எனக்குச் சொல்லிக்கொள்வேன். கேட்பதற்கு அந்த அறையில் யாருமில்லை. பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் என் மகளைத் தவிர.'

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தால் மனுஷி எதை முதலில் செய்வாள்? மைக்கக்கா இரண்டையும் சேர்த்தே செய்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். பள்ளி விட்டதும் அந்தக் கண்ணாடி அறையில் ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த குட்டி, தலையைக்கூட நிமிர்த்தாத குட்டி, அத்தனையையும் கேட்டிருக்கிறாள். தனக்கென்று ஒரு ஆசை இருப்பது யாருக்கும் தெரியாது என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள்!

என்ன நடந்திருக்கும் என்பது அப்போது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் பயம் வந்தது. அடுத்தவர் எழுத்தைத் தன்னுடையது என்று கொடுத்தால் விண்ணப்பம் செல்லாது, அதுவும் விதியில் இருந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் தன்னுடையது மட்டுமா போகும்? மகளுடையதும் சேர்ந்து போகும். பேசாமல் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். ஆனால் மகள் எழுதியதை, அதுவும் இவ்வளவு நன்றாக எழுதியதை, நான் எழுதினேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை.

"அம்மா, இது நான் எழுதினது இல்ல. சத்தியமா இல்ல. இது என் பொண்ணு எழுதினது. இப்ப அழுதுட்டுப் போனாளே, அவ. அவளுதுன்னு நீங்க வெச்சிருக்கிறது நான் எழுதினது. மாறிப்போச்சு. கடவுளே, மாறிப்போச்சு!"

"எப்படிங்க மாறும்?" என்றார் விரிவுரையாளர். குரலில் சந்தேகம் நன்றாகவே தெரிந்தது.

"அத மாத்தினவரு வெளிய பையோட உக்காந்திருக்காரு. கூப்பிடுங்க."

ஜெராக்ஸ்காரர் வந்தார். நாற்காலி காட்டியும் உட்காரவில்லை. விஷயத்தைச் சொன்னதும் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "மாறவே மாறாது சார்! ரெண்டு ஃபைலும் 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்'னு இருந்துச்சு. உள்ள பேரும் கிடையாது. படிக்க எனக்கு அனுமதியும் கிடையாது. அதனால ரெண்டுலயும் முதல் வரிய மட்டும் பாத்தேன். ஒண்ணுல, எனக்கு நாப்பத்தாறு வயசுன்னு இருந்துச்சு. இன்னொண்ணுல, எனக்கு இருபத்தொரு வயசுன்னு இருந்துச்சு. எங்க வீட்ல நாப்பத்தாறு யாருக்கு சார்? இவளுக்குத்தானே? அப்ப இவ பேருலதானே ஏத்தணும்?"

சொல்லி முடிக்கும்போதே விதியின் அந்த வரி அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். வாய் திறந்தபடி நின்றது. அப்புறம் மெதுவாக நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "ஐயையோ" என்றார். "ரெண்டும் வாய மாத்தி எழுதியிருக்குதுங்களா?"

தலைவி கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சந்தேகப்பட்ட விரிவுரையாளருக்கும் அடக்க முடியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் தலைவி நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நிஜம்னா, நாங்க குறை சொன்னதே போச்சு. நாப்பத்தாறு வயசுக்காரி இருபத்தொரு வயசுக்குள்ள போயிருக்கீங்க, அந்தப் பொண்ணு உங்களுக்குள்ள வந்திருக்கா. ரெண்டையும் படிச்சிட்டு நாங்க சொந்தக் கதைன்னு ஏமாந்திருக்கோம். இதுக்கு மேல அந்த விதிக்கு என்ன வேணும்? ஆனா நிஜம்தான்னு எனக்குத் தெரியணும். ஆளுக்கு ஒரு ரூம் தர்றேன். அவங்கவங்க கதைய விட்ட இடத்துல இருந்து ஒரு பக்கம் தொடருங்க. படிச்சா கை தெரிஞ்சிடும்." எழுந்துகொண்டே ஒன்றைச் சேர்த்தார். "இன்னொண்ணும் சொல்லிடுறேன், ஒளிக்கிறதுல அர்த்தமில்ல. பதினோரு இடம் முடிவாயிடுச்சு. மிச்சம் ஒண்ணுதான்."

ஒன்றுதான். மைக்கக்கா மகள் இருந்த கதவுப் பக்கம் பார்த்தாள்.

வராந்தாவில் விஷயமும், மிச்சம் ஒரே இடம்தான் என்பதும் தெரிந்ததும் மகள் முதலில் அப்பாவின் முதுகில் இரண்டு வைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, "அப்ப உள்ள அவங்க சொன்னாங்களே, பாத்ரூம்ல தனியா பேசிப் பழகுற பொண்ணு... அத எழுதினது நீயா? நான் பேசுறது வெளிய கேக்குமா?" என்று வாயில் கைவைத்தாள்.

"தெருவுக்கே கேக்கும்டீ."

அதற்கு மேல் பேச விடாமல் இரண்டு பேரையும் எதிரெதிர் அறைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். ஜெராக்ஸ்காரர் இரண்டு கதவுக்கும் நடுவில், எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்.

மைக்கக்கா வெள்ளைத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கதையில் பேசுகிறவள் இருபத்தொரு வயதுப் பெண். அந்தப் பெண் இப்போது எதிர் அறையில் உட்கார்ந்து என்ன நினைப்பாள்? நல்ல பிள்ளை, அம்மாவுக்கே கிடைக்கட்டும் என்று நினைப்பாளா? எழுத ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அது பொய். மைக்கக்கா எழுதினாள். 'அந்த இடம் எனக்கு வேண்டும். அம்மா சுமாராக எழுதிவிட்டால் நல்லது என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்ததும் என் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. அப்படி நினைத்தது தெரிந்தாலும் அம்மா எனக்குச் சோறு போடுவாள் என்பது இன்னும் வெறுப்பாக இருக்கிறது.' அதற்கப்புறம் பேனா தானாக ஓடியது. எழுதி முடித்தபோது பிழிந்து போட்ட துணி மாதிரி ஆகியிருந்தாள்.

ஆனால் கதவைத் திறந்து வெளியே வரும்போதே அவள் முடிவெடுத்துவிட்டாள். கதை வேறு, வாழ்க்கை வேறு. ஒரு இடம்தான் என்றால் அது குழந்தைக்குத்தான். தனக்கு வேலை இருக்கிறது, மைக் இருக்கிறது, புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கும். அவளுக்கு இனிமேல்தான் எல்லாம்.

தலைவி அவளை மட்டும் முதலில் கூப்பிட்டார்.

"படிச்சோம்" என்றார். "சந்தேகமே இல்ல. நீங்க சொன்னதுதான் நிஜம். யாருக்குக் குடுக்கிறதுன்னும் பேசிட்டோம்."

"அம்மா, நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடுறேன்." மைக்கக்கா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அந்த இடத்த..."

தலைவி கையை உயர்த்தினார். "ஒரு நிமிஷம். நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு எனக்குத் தெரியும். உங்க பொண்ணு எழுதியிருக்கா. இதப் படிச்சிட்டு அப்புறம் சொல்லுங்க."

மகளின் கையெழுத்து. அவசரத்தில் வலது பக்கம் ஓடிக்கொண்டே போயிருந்தது.

'இந்தத் தாளை வைத்துவிட்டு நான் அவர்களிடம் போவேன். அந்த இடத்தை என் மகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்பேன். மீனில் நடுத்துண்டு, ஜன்னலோர இருக்கை, குளிர்நாளில் கனமான போர்வை, எல்லாவற்றையும் இப்படித்தான் கொடுத்திருக்கிறேன். யாரும் கேட்டதில்லை. அவளுக்கு அதெல்லாம் வேண்டுமா என்று நானும் கேட்டதில்லை. எதிர் அறையில் என் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் இந்த இடம் வேண்டும். இல்லையென்று சொல்லமாட்டாள். ஆனால் அம்மா கொடுத்து வாங்கிய இடத்தில் உட்கார்ந்தால், ஒவ்வொரு நாளும் அந்த நாற்காலி குத்தும். ஒரே ஒரு தடவை, எனக்கு வேண்டும் என்று நான் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. எனக்குச் சொல்ல வருமா என்று தெரியவில்லை.'

அதோடு பக்கம் முடிந்திருந்தது.

மைக்கக்கா தாளை மேசைமேல் வைத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். வராத வார்த்தை. நாற்பத்தாறு வருஷத்தில் வெளியில் எடுத்துப் பழகாத வார்த்தை.

"எனக்கு வேணும்" என்றாள். சத்தம் எழவில்லை. மறுபடி சொன்னாள், இந்தத் தடவை வராந்தா முழுக்கக் கேட்டது. "அந்த இடம் எனக்கு வேணும்மா."

தலைவி பேனாவை எடுத்தார். "உங்களுக்குத்தான். நீங்க கேக்காம இருந்தாலும் உங்களுக்குத்தான். உங்க பக்கத்துல அந்தப் பொண்ணு பேசுறப்ப நீங்க எங்கயுமே தெரியல. கொஞ்சம் அசிங்கமா நினைக்கக்கூட அவள விட்டிருக்கீங்க. உங்க பொண்ணு எழுதினதும் அருமை. ஆனா அவளுக்கு உங்க மேல இருக்கிற பிரியம் அங்கங்க எட்டிப் பாக்குது. காத்திருப்போர் பட்டியல்ல அவதான் முதல் ஆள்."

மைக்கக்கா வெளியே வந்தாள். கதவுக்குப் பக்கத்திலேயே மகள் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் பல்.

"சொல்லிட்ட" என்றாள் மகள்.

"சொல்லிட்டேன்டீ. உனக்குக் கஷ்டமா இல்லியா?"

"இருக்கு. ரொம்ப இருக்கு. வீட்டுக்குப் போய் ஒரு ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பேன், கண்டுக்காத" என்று சொல்லிக்கொண்டே அம்மாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். ஜெராக்ஸ்காரருக்கு யாருக்கு வாழ்த்துச் சொல்வது, யாருக்கு ஆறுதல் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு பேர் தலையிலும் கைவைத்தார்.

"பட்டியல்ல முதல் ஆளு நான்தான்" என்றாள் மகள், மூச்சு வாங்க. "உள்ள இருக்கிற பன்னெண்டு பேர்ல ஒருத்தர் கழண்டுக்கிட்டாலும் எனக்கு வந்துடும்."

மைக்கக்காவின் முகத்தில் என்னவோ ஓடியது. மகள் அதைப் பிடித்துவிட்டாள். அம்மாவின் இரண்டு தோளையும் பற்றிக்கொண்டு, கண்ணுக்கு நேராகப் பார்த்தாள்.

"அந்த ஒருத்தர் நீயா இருந்தா, ஜென்மத்துக்கும் உன்கூடப் பேச மாட்டேன்."

"போடீ, அசடு" என்றாள் மைக்கக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வேற எவனாவது கழண்டுக்கட்டும். நான் நகர மாட்டேன்."